மொசைக்கை உடைக்கும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்காநல்லூரில் 1994இல் கட்டிய வீடு எங்களுடையது. தரைக்கடியில் போகும் பைப் ஒழுகி, அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டார் போட்டுக்கொண்டிருந்த வீட்டில் தினமும் போட வேண்டி வந்தது. சமையலறைச் சுவரின் அடியில் அரையடி உயரத்துக்கு உப்பு பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. 84 வயதாகும் என் மாமியார், "கால் வெச்சா சில்லுனு இருக்குது கண்ணு" என்று நாலைந்து தடவை சொன்னார். மழைக்காலம், அதனால்தான் என்று விட்டுவிட்டோம். அவர் சொன்ன அன்றே கவனித்திருக்க வேண்டும்.

முதலில் வந்த பிளம்பர், "உடைச்சுப் பார்த்தாத்தானுங்க தெரியும்" என்றார். ஈரம் தெரிந்த இடத்தில் வெட்டினார். ஒழுகல் இல்லை. அப்புறம் இன்னும் மூன்று இடம். நான்கு குழியிலும் ஈர மணல் வந்ததே தவிர, பைப் கூடக் கண்ணில் படவில்லை. என் கணவர் பி.எஃப். கடன் வாங்கிப் போட்ட மொசைக் அது. அதே கல், அதே நிறத்தில் இனி யார் போட்டுத் தருவார்கள்?

நான் முப்பது வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். வலது தோளில் வலி என்று வருவார்கள், கல் பித்தப்பையில் இருக்கும். வீடும் அப்படித்தான் என்று பிறகுதான் புரிந்தது. கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் எங்கெங்கோ ஓடி, வழி கிடைக்கிற இடத்தில் மேலே வருகிறது. ஈரம் தெரியும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறு.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். முதல் நாள் உளியே கொண்டுவரவில்லை. "இன்னைக்கு ராத்திரி தொட்டிய அளந்து வையுங்கம்மா, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடி, மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டேன். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எங்கள் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 9 லிட்டர். ஏழு மணி நேரத்தில் 70 லிட்டருக்கு மேல், யாரும் ஒரு சொம்புகூட மொள்ளாமல்! ஃப்ளஷ் டேங்க் ஒழுகினாலும் மட்டம் இறங்கும் என்று, அதில் கொஞ்சம் துணிநீலம் கலந்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கச் சொன்னார். கிளாசெட்டில் நீலம் இறங்கவில்லை.

அப்புறம் கையால் அடிக்கும் பிரஷர் பம்பை லைனில் மாட்டினார். பாத்ரூம் லைனின் கேட் வால்வை மூடி, அந்தப் பக்கம் நாலு கிலோ பிரஷர் ஏற்றினார். பிரஷர் காட்டும் முள் அசையவில்லை, அங்கே ஒழுகல் இல்லை. சமையலறை லைனில் ஏற்றியதும் முள் கண்ணெதிரே இறங்கியது. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொண்டு அடி அடியாக நகர்ந்தார். நான் பீரோவிலிருந்த என் பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்து அவர் காட்டிய இடத்தில் வைத்துக் கேட்டேன். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். ஒரு முழம் தள்ளினால் அது இல்லை. முதல் ஆள் வெட்டிய குழிகளில் பக்கத்தில் இருந்ததே ஆறடி தூரம்.

அந்த ஒரு இடத்தில்தான் வெட்டினார். ஒன்றரை அடி ஆழத்தில் பைப் திரும்பும் இடத்தில் போடும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்போ. எடுத்துக் கையில் கொடுத்தார். விரலால் அழுத்தினால் துரு பொரிபொரியாக உதிர்ந்தது. உள்ளே பென்சில் முனை அளவுக்கு ஒரு ஓட்டை. முப்பது வருடம் போர்வெல் உப்புத் தண்ணீர் ஓடிய பைப் இதோடு நிற்காது, அடுத்த வருடம் வேறு இடத்தில் விடும் என்றார். அதனால் தரைக்கடி லைனையே அடைத்துவிட்டு, வெளிச்சுவர் வழியாக, துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் எடுத்துவிட்டோம். எங்களுடையது கரிசல் மண். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் சுவரே விரிசல் கண்டிருக்கும்.

மாநகராட்சி தரும் சிறுவாணிக் குடிநீருக்கு மீட்டர் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப்பு (தரைக்கடித் தொட்டி) வால்வையும் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் எங்கோ போகிறது.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு பிளானுக்கு அனுமதி கேட்கும்போது, தரைக்கடியில் எந்தப் பைப் எங்கே போகிறது என்ற வரைபடத்தையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு லைனுக்கும் தனி வால்வு வேண்டும் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பாத்ரூம் லைனுக்குத் தனி வால்வு இருந்ததால்தான் ஒரே நாளில் இடம் தெரிந்தது.

பொள்ளாச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மகள், போன வாரம் தரைக் கான்கிரீட் போடும் முன் பைப்பில் ராத்திரி முழுக்க பிரஷர் ஏற்றிவைத்துப் பார்த்தாள். பிறகு பைப்புக்குப் பக்கத்தில் அளவு டேப்பை விரித்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுத்திருக்கிறாள். பிரிண்ட் போட்டு, ஈ.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சிங்காநல்லூர், கோவை.