முகம் பார்த்துக் கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளைப் பக்கம் குடியிருக்கிறேன். நாகர்கோவில் - திருவனந்தபுரம் தடத்தில் பல வருடம் அரசுப் பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புற்றுநோய் சிகிச்சைக்காக எங்கள் பகுதியில் நடக்கும் பண வசூல் பற்றி எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு படம் வருகிறது. மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை, மூக்கில் குழாய், கீழே வங்கிக் கணக்கு எண். எங்கள் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் கொடுப்பார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் பையன்கள் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அந்த மனசைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எங்கள் தெருவிலேயே வாய்ப்புற்று வந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். கன்னம் வீங்கிப் புண்ணாகி, எதிரே நின்று பேசவே சங்கடமாக இருக்கும். அவர் படத்தை யாரும் போடவில்லை. போடட்டுமா என்று கேட்ட பையனிடம், "எனக்க மூஞ்சிய காட்டியா சக்கரம் (காசு) வாங்கணும்?" என்று சொல்லிவிட்டார். மருந்துச் செலவுக்கு எப்படியோ வழி பிறந்தது. தினமும் போய்வரத்தான் வழியில்லை. ரப்பர் வெட்டப் போகாத நாளில் அவருக்குக் கூலி கிடையாது. துணைக்கு மனைவி வந்தால் அவருடைய முந்திரி ஆலைக் கூலியும் போயிற்று. கதிர்வீச்சு சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார். இப்போது அவர் இல்லை.

கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் போக வேண்டும். இயந்திரத்தில் படுப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக விடியுமுன் எழுந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, மெடிக்கல் காலேஜ் பஸ் பிடித்து, காத்திருந்து, மாலையில் திரும்ப வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981இல் வந்தது. அன்றிலிருந்து குமரி, நெல்லை, தென்காசி மக்களுக்கு அதுதான் பக்கத்து ஆஸ்பத்திரி, ஆர்.சி.சி. என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கையிலிருக்கும் ஃபைலைப் பார்த்தே அங்கே போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜன்னலோரச் சீட்டுக் கேட்பார்கள், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருப்பார்கள். தினமும் வந்தவர் திடீரென்று வராமல் போனால் குணமாகிவிட்டது என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இடையில் நாள் தவறினால் கட்டி மறுபடி வளர இடம் கிடைத்துவிடும், அதிலும் வாய், தொண்டைப் புற்றில் இது பெரிய கேடு என்று ஒரு மருத்துவர் பின்னாளில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே நாங்கள் சிலர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போடுகிறோம். அதில் ஒரு வேன் விடியற்காலையில் கிளம்பி, சிகிச்சைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. யார் படத்தையும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு போதும். இந்த யோசனை எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கற்றது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரணப் பணி மலப்புறத்தில் ஊர் ஊராகப் பரவியதற்கு அக்கம்பக்கத்தார் மாதாமாதம் கொடுத்த சின்னத் தொகைகள் பெரும் காரணம். 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. பாறசாலையில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு அம்மச்சியைப் பார்க்கப் பஞ்சாயத்து நர்ஸ் பையோடு வீட்டுக்கே வருகிறார். நம் பக்கமும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் வீடு தேடி வருகிறார்கள். ஆனால் பஸ் கூலிக்கும் மதியச் சோற்றுக்கும் ஊர்க்காரர்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் வரும் அந்தப் பிள்ளைக்கு ரத்தப் புற்று என்றால், இன்று மருத்துவர் நம்பிக்கையோடு பேசுகிறார். ஒரு காலத்தில் நம் நாட்டில் இந்நோய் வந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒன்று பிழைப்பதே அரிது. 1980களில் தொடங்கி மும்பை டாடா, டில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்று மருத்துவமனைகளும் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தன. ஏறத்தாழப் பாதிப் பேர் நோய் திரும்பாமல் பிழைத்தார்கள். சிகிச்சை முடிந்து போன பிள்ளை சில வருடம் கழித்து எப்படியிருக்கிறது என்று தேடிப்பிடித்து எழுதி வைக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அதற்குப் பணம் கேட்டு யாரும் படம் போட முடியாது.

கடற்கரைப் பக்கம் போனால், புற்றுநோய்க்கு "இந்த மணல்தான் காரணம்" என்பார்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும் அது கதிர் வீசுவதும் உண்மை. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் அதே வகை மணல்தான். அங்கே ஆர்.சி.சி. 1990 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்து, வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்தது. இயற்கைக் கதிர்வீச்சால் அவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவு வந்தது. அதை நம் கரைக்கும் அப்படியே பொருத்தலாமா என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பயந்துகொண்டே இருக்கும் மீனவக் குடும்பத்துக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டுமென்றால் இப்படி வருடக்கணக்கில் யாராவது உழைத்தாக வேண்டும்.

அடையாறு மருத்துவமனை 1954இல் 12 படுக்கையோடு தொடங்கியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுப்பியது அது. கொடுத்தவர்களில் எத்தனை பேர் அங்கே பிழைத்த ஒருவரையாவது நேரில் பார்த்திருப்பார்கள்?

கொடுப்பவர்கள் ரசீது கேட்டு வாங்க வேண்டும். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவர்களுக்கும் கிடையாது.

தங்கள் நாளிதழிலும் படத்தோடு உதவி கோரும் செய்திகள் வருகின்றன. அவை வரட்டும். அந்தச் செய்திக்குக் கீழேயே, அடையாறிலும் ஆர்.சி.சி.யிலும் ஏழை நோயாளிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் நன்கொடை கட்டுவது எப்படி என்று மருத்துவமனைகளிடம் கேட்டு ஒரு பெட்டிச் செய்தி போடும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். குமரி மாவட்டப் பதிப்பிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
களியக்காவிளை.