தன்பாலீர்ப்புள்ள பிள்ளையைப் பெற்றோர் ஆயரிடம் அழைத்து வரும்போது: திருமண்டலங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்த் திருமண்டலப் பேராயர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சேகரக் கமிட்டியாருக்கும்,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

தன்பாலீர்ப்பைப் பற்றி நம் சபையார் ஒருமனப்படவில்லை. ஒரு சாரார் தன்பாலுறவைக் கண்டிக்கும் ரோமர் முதல் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். மறு சாரார் அப்போஸ்தலர் எட்டில் அண்ணகரான எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானம் பெற்றதைக் காட்டுகிறார்கள். இந்த வாதத்தைத் தீர்த்து வைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. அது தீரும்வரை பொறுக்காத ஒரு காரியம் உண்டு. மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு பெற்றோர் ஆயர் குடியிருக்கும் பார்சனேஜ் வாசலில் வந்து நிற்கும் நாளில் ஆயர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் தாருங்கள்.

கருத்து வேறுபாடு இருக்கும்போதே இது முடியும். இங்கிலாந்து திருச்சபையின் ஆளும் மன்றமான சினாடு 2023 பிப்ரவரியில் தன்பால் இணையருக்கான ஆசீர்வாத ஜெபங்களை ஏற்றபோது, சபை மக்கள் பிரதிநிதிகள் 103க்கு 92 என்று ஏறத்தாழப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். ஆனால் ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடை செய்யக் கோரிய 2017 ஜூலை தீர்மானத்துக்கு அதே சபை மக்கள் அவையில் 127 பேர் ஆதரவு, 48 பேர் எதிர்ப்பு. திருமணத்தைப் பற்றி ஒத்துப்போகாதவர்கள், யாரையும் வதைக்கக் கூடாது என்பதில் ஒத்துப்போனார்கள்.

உபதேச வாக்கெடுப்பையே முதலில் எடுத்த ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை வேறு வழியில் போனது. தன்பால் திருமணத்துக்கும் தன்பாலீர்ப்புள்ள குருமாருக்கும் இருந்த தடைகள் 2019இல் 438க்கு 384 என்று இறுக்கப்பட்டன. வெளியேற விரும்பிய சபைகளில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டியிருந்தது. தலைமைக்குச் செலுத்தும் இரண்டு ஆண்டுப் பங்குத்தொகையும் ஓய்வூதியப் பாக்கியும் கட்ட வேண்டியிருந்தது. 2023 முடிவதற்குள் அமெரிக்காவில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் பிரிந்தன. 2024இல் குருத்துவத் தடை 692க்கு 51 என்று நீங்கியபோது, அதை எதிர்த்திருக்கக்கூடிய பலர் உள்ளே இல்லை. சொத்து வழக்குகளால் ஏற்கெனவே களைத்துப்போன நம் திருமண்டலங்களுக்கு இந்தப் பாதை வேண்டாம்.

ஆயருக்கான நடைமுறையில் நாங்கள் கேட்பவை இவை.

வந்த பிள்ளையோடு முதலில் தனியாகப் பேச வேண்டும். கதவு சற்றுத் திறந்திருக்கட்டும், பேச்சு வெளியே கேட்கவேண்டாம். பெற்றோருக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கேட்டறியாமல் அவர்களிடம் எதுவும் சொல்லக் கூடாது. இரகசியம் பெரும்பாலும் கசிவது ஜெபக் குறிப்பின் வழியாகத்தான். ‘இந்தத் தம்பிக்காக ஜெபியுங்கள்’ என்று வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டால், மாலைக்குள் ஊரே அறிந்துவிடும்.

‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கட்டாய உபவாசத்துக்கும் பேய் விரட்டலுக்கும் பின்னும் ஈர்ப்பு அப்படியே இருக்கும்போது, தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. தற்கொலை எண்ணம் பலமுறை அங்கேதான் துளிர்க்கிறது. மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை செய்தது. அப்படிச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஆகவே அப்படிப்பட்ட ‘கவுன்சிலரிடம்’ ஆயரும் அனுப்பக் கூடாது.

சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ‘ஆம்’ என்றால் தனியே விடாதீர்கள். 104 (சுகாதார உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) ஆகியவற்றில் உடனே பேசலாம். அன்றே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

‘கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்’ என்ற யோசனைக்கு ஆயர் துணைபோகவே கூடாது. அதில் இரண்டு வாழ்க்கைகள் கெடுகின்றன. ஒன்றும் அறியாமல் மணவறைக்கு வரும் அந்தப் பெண்ணை யாரும் நினைப்பதில்லை. திருமண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிப்பதற்கு முன் மணமக்கள் இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்பது எல்லாத் திருமணங்களுக்கும் விதியாகட்டும்.

பதினெட்டு வயது நிறைந்தவரின் போனையும் சான்றிதழ்களையும் பிடுங்கி வீட்டில் பூட்டி வைத்தால் அது குற்றம். அப்படி அடைக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் விடுவித்தது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இரகசியம் காப்பதாகச் சொல்லித் தப்ப முடியாது. ஈர்ப்பு வேறு, கொடுமை வேறு. இரண்டையும் குழப்பி, கொடுமைக்கு ஆளான பிள்ளையையே குற்றவாளியாக்கிவிடக் கூடாது.

வதந்தியை வைத்துத் திருவிருந்தை மறுப்பதோ, பாடகர் குழுவிலிருந்து பெயரை எடுப்பதோ கூடாது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் மற்ற சபையாருக்கு உள்ள அதே விசாரணை, அதே மேல்முறையீடு.

இவையெல்லாம் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அடுத்த பெருமன்றத்தில் அதை நிறைவேற்றுங்கள். ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சேகரத்துக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பயிற்சி பெற்ற இருவரை நியமியுங்கள். ஆயரிடம் பேசத் தயங்குவோர் அவர்களிடம் போகட்டும். மாற்றலாகி வரும் ஆயர் பதிவேடுகளைப் பொறுப்பேற்கும் நாளில் இந்தத் தாள்களிலும் கையெழுத்திடட்டும்.

கிறிஸ்துவுக்குள்,
சபை மக்கள் சிலர்