பாப்பாவுக்கு, பைண்டு புத்தகத்தோடு

பாப்பா,

நேற்று போனில் "படம் வரையிறதுல எனக்குன்னு ஒரு ஸ்டைலே வரமாட்டேங்குதுப்பா" என்று நீ சொன்னபோது, "அதெல்லாம் வரும், சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். போனில் எனக்கு இதெல்லாம் பேச வராது. அதான் எழுதுகிறேன்.

நான் ஓவியன் இல்லை, போர்டு எழுதியவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பில் மண் விழுகிற வரைக்கும், போட்டோவில் கட்டம் போட்டு, சுவரிலும் கட்டம் போட்டு, யார் முகம் கேட்டாலும் ஏற்றிக் கொடுத்தேன். பெண் முகம் என்றால் மட்டும் கண், பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்ட மாருதி வரைந்த கண்ணாகவே வந்து விழும். ஒரு ஜவுளிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னப்பா, வாரப் பத்திரிகைப் பிள்ளையைக் கொண்டாந்து நிறுத்திட்ட" என்று கூலியில் 50 ரூபாய் குறைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான், கூலியைக் குறைத்ததுதான் அநியாயம்.

மாருதி எனக்கு எங்கே கிடைத்தார், கோபுலு எங்கே கிடைத்தார் என்றால், எல்லாம் உன் அப்பத்தா பரணில் இருந்துதான். பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து பைண்டு போட்டு வைத்திருந்தாள். அவள் கதை படிப்பாள், நான் படம் பார்ப்பேன். விகடனில் வந்த தில்லானா மோகனாம்பாளுக்கு கோபுலு போட்ட படங்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒன்று செய்து பார். முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள். ஆள் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே, தோள் சாய்ந்திருப்பதிலேயே, இது வித்வானா கூட வந்த எடுபிடியா என்று தெரிந்துவிடும். ஒரு வார்த்தை எழுதாமலே சிரிப்புப் படமும் போட்ட மனுஷன் அவர். வயதான காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை வராமல் போனபோது, இடது கையால் வரையப் பழகினார். இதைக் கேள்விப்பட்ட அன்று நானும் இடது கையில் பிரஷ்ஷைப் பிடித்துப் பார்த்தேன். 'அ' போடவே அரை மணி நேரம் ஆனது.

சில்பி அதற்கு நேர் எதிர். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கல்லில் இருக்கிற நகையை ஒன்றுவிடாமல் கோட்டில் கொண்டுவந்தவர். நம் மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவரைப் பார்த்துக்கொண்டு நீ எப்போதாவது பத்து நிமிடம் சும்மா நின்றிருக்கிறாயா? இப்போது போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உனக்கு அதுவும் நல்லதுதான்.

ஆதிமூலம் கோடு வேறு ஜாதி, கரிசல் முள் மாதிரி. எழுத்தாளர் கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் போட்டவற்றைத் தேடிப் பார். அவர் எழுதிய தமிழ் எழுத்துகளையும் பார், போர்டு எழுதியவன் சொல்கிறேன், அந்த வளைவுகள் எல்லாம் ஸ்கேல் வைத்து வராது.

அப்புறம் மனோகர் தேவதாஸ். நம்மூர்க்காரர், 1936-இல் இங்கே பிறந்தவர். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிற நோய் அவருக்கு. இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு பேனா மையில் மதுரையை இழை இழையாக வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2022-இல் போய்விட்டார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் நான் எழுதிய எத்தனையோ சுவர்களுக்கு எதிரே என்ன இருந்தது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை தாயி.

கம்ப்யூட்டரில் வரைந்தால் கையெழுத்து போய்விடும் என்று பயப்படுகிறாயே, டிராட்ஸ்கி மருதுவும் மதுரைக்காரர்தான். மையிலும் வரைவார், கம்ப்யூட்டரிலும் வரைவார், எதில் வரைந்தாலும் அந்த வேகம் அவருடையதுதான்.

இவர்களில் யாரும் ஸ்டைலைத் தேடிப் போனதாக எனக்குப் படவில்லை. ஒருத்தர் ஆளைப் பார்த்தார், ஒருத்தர் கல்லைப் பார்த்தார், ஒருத்தர் ஊரைப் பார்த்தார். நான் மாருதி கண்ணை மட்டுமே பார்த்தேன், அதுதான் சுவருக்கும் வந்தது. நீ நாள் முழுக்க மற்றவர்கள் வரைந்ததையே போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அதான் சொல்கிறேன்.

அப்பத்தாவின் பைண்டு புத்தகத்தை கூரியரில் போட்டிருக்கிறேன். கரப்பான் அரித்த ஓரம் உதிரும், பார்த்துப் பிரி. நடுவில் ஒரு பக்கத்தில் பச்சை எனாமல் சிந்தியிருக்கும், அது நான் செய்தது. அப்பத்தாவுக்குக் கடைசி வரை தெரியாது.

அப்பா