காரை ஓடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஒண்டியா அந்த ஓடையில உனக்கு என்னம்மா வேலை?" என்று கோபித்துக்கொண்டாய். அந்தக் காலத்து உயிர்கள் கல்லாகிக் கிடப்பதைத் தேடிப் பார்க்கத்தான் போகிறேன். பேச்சில் பதில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் பக்கத்துக் களிமண் மேடுகள் உனக்கு நினைவிருக்கும். மழை அரித்து அரித்துப் பிளவு பிளவாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகவர பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே என் சர்வீஸ் முடிந்தது. பொட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டவுசர் பையில் தோட்டா மாதிரி கூரான கற்களைப் போட்டுக்கொண்டு வருவார்கள். "வெளியே போட்டுட்டு வா" என்று விரட்டுவேன். அது பெலம்னைட், கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பத்து கோடி ஆண்டுப் பழசைக் கையில் நீட்டிய பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன், தம்பி. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாம் நத்தைக்கல் என்போமே, சுருள் சுருளாக இருக்குமே, அதுவும் நத்தை இல்லையாம். அம்மோனைட். அதுவும் கணவாய் வகையறாதான். டைனோசர்கள் அழிந்தபோதே இவையும் அழிந்துபோயின. கடலைப் பார்க்க இன்று நாகப்பட்டினம் வரை போக வேண்டியிருக்கிறது. அன்று நம் ஊர்மேல் கடல் கிடந்திருக்கிறது! சாத்தனூர்க் கல்மரத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனோமே, 18 மீட்டர் நீளம், அதுவும் கரையிலிருந்து அடித்துவரப்பட்டு அந்தக் கடலில் புதைந்த மரம்தான்.

ரிட்டையர் ஆனதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். வீட்டில் சத்தமே இருக்காது, ஆனால் தலைக்குள் ஓயாது. பென்ஷன், உன் சாப்பாடு, உன் கல்யாணம். ஓடையில் அப்படி இல்லை. குனிந்து தேடும்போது கண்ணெதிரே இருக்கும் ஒரு சாண் மண்தான் உலகம். ஜிப்சத் தகடுகள் வெயிலில் மினுங்கும். ஆட்காட்டிக் குருவி ஒன்று என்னைக் கண்டுவிட்டுக் கத்தி ஓயும். பிறகு காற்று மட்டும்தான். அங்கே போய்வந்த ராத்திரி விடியும்வரை தூங்குகிறேன்.

எதையும் வீட்டுக்கு எடுத்துவருவதில்லை. கையில் வைத்துப் பார்ப்பேன், சுருளின் வரிகளை விரலால் தடவுவேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். பை பையாக அள்ளிப்போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு தடவை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. காலை ஆறரைக்குப் போனால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். தண்ணீர், தொப்பி, போன் எல்லாம் கையில். ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி தினமும் அந்தப் பக்கம்தான் இருப்பாள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டைக் கரைத்திருக்கும், புதிதாக எத்தனையோ வெளியே வந்திருக்கும். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, களிமண் வழுக்கும்.

அன்புடன்,
அம்மா