கைக்கு வந்த பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால் செய்திகளில் ‘குவார்ட்டர்பேக் சொதப்பல்’ என்று, பந்தை வீசும் வீரரைக் குறைசொல்லித் தலைப்புப் போடும்போது, அந்தப் பந்து யார் கையில் பட்டுத் தெறித்தது என்பதையும் ஒரு வரி எழுதக் கூடாதா?

2023 செப்டம்பர் 7 அன்று கான்சஸ் சிட்டியில் நடந்த என்எஃப்எல் லீக் சீசனின் முதல் ஆட்டத்தையே பாருங்கள். சீஃப்ஸ் அணியின் பாட்ரிக் மஹோம்ஸ் வீசிய பந்து, அதைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் கடாரியஸ் டோனியின் கைக்கே போனது. அங்கிருந்து எகிறி டெட்ராய்ட்டின் பிரையன் பிராஞ்சிடம் சிக்க, அவர் 50 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். சீஃப்ஸ் 20-21 என்று ஒரே புள்ளியில் தோற்றது. ஏட்டில் அந்த இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்த பந்து, மஹோம்ஸ் கணக்கில்தான் ஏறியது. டோனி நழுவவிட்டதைக் குறிக்க அங்கே கட்டமே கிடையாது. தவறவிட்ட பாஸ், என்எஃப்எல்லின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் அல்ல. தனியார் நிறுவனங்கள் அவரவர் கண் போனபடி எண்ணுகின்றன. அதனால் ஒரே வீரருக்கு ஆளாளுக்கு ஒரு கணக்கு.

ரசிகர்களோ ‘கவனம் போதாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 20 யார்டு கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் கையைச் சரியாகத் திருப்பியாக வேண்டும். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள். தொப்புள் உயரத்தில் வருவதுதான் வில்லங்கம். எப்படித் திருப்புவது என்று கை தடுமாறும். கடைசியில் ரிசீவர் பந்தை மார்போடு அணைக்கப் பார்ப்பார், அது கவசத்தில் மோதித் துள்ளும்.

ஆனால் சுற்றிலும் ஆளே இல்லாதபோது விழும் பந்துகளுக்குப் பெரும்பாலும் காரணம் கண்தான். பந்து வர ஒரு முழம் இருக்கும்போதே தலை எண்ட் ஸோன் (டச் டவுன் போடும் எல்லை) பக்கம் திரும்பிவிடும். பிடிக்கும் முன்பே ஓட ஆரம்பித்துவிடுவார். இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. பந்தின் முனையில் எண் எழுதி வீசி, பிடிக்கும்போது அதை உரக்கச் சொல்லவைப்பார்கள். முனை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பொருந்தி, மறுமுனை முழங்கை மடிப்புக்குள் போகும்வரை பார்வை விலகக் கூடாது. இரண்டு சக்கரம் சுழன்று பந்தைத் தள்ளும் ஜக்ஸ் மெஷின் முன் தினம் 100 பந்து பிடிக்கிறார் என்று புகழ்வதுண்டு. ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் வருவதைப் பிடித்தால் விரல் பழகுமே தவிர, அந்தத் தொப்புள் உயரத் தடுமாற்றம் போகாது. டுவா டகோவைலோவா போன்ற இடக்கைக் குவார்ட்டர்பேக் வீசும்போது பந்தின் சுழற்சியே எதிர்த்திசையில் இருக்கும். அதற்கும் தனியாகப் பழக வேண்டும்.

குளிரும் ஈரமும் வேறு. கையில் ஒட்டுப்பசை தடவுவதை 1981-லேயே தடை செய்துவிட்டார்கள்; இப்போது அந்த வேலையைப் பிசுபிசுப்பான உள்ளங்கை கொண்ட கையுறை பார்க்கிறது, நனையாத வரைக்கும். 2025 ஜனவரி 19 அன்று பஃபலோவில் நடந்த நாக்-அவுட் போட்டியில், ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில், டச் டவுனுக்குப் பின் சமன் செய்ய வேண்டிய இரண்டு புள்ளி முயற்சியில் பால்டிமோரின் மார்க் ஆண்ட்ரூஸ் பந்தை நழுவவிட்டார். 27-25 என்று பஃபலோ பில்ஸ் ஜெயித்தது. அந்த சீசனுக்கு பால்டிமோரின் கதை அங்கேயே முடிந்தது.

வீசுபவரிடம் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து யார்டு தூரத்துக்கு முழு பலத்தையும் காட்டுகிற குவார்ட்டர்பேக்குகளும் இருக்கிறார்கள். அதையும் எழுதுங்கள். ஆனால் ஸ்கோர் பட்டியலின் கீழே ‘ரிசீவர் கையில் பட்டுத் தெறித்தது’ என்று நான்கு சொல் சேர்க்கவா இடமில்லை?

இப்படிக்கு,
ஒரு வாசகர்