சாஸ் ஏன் திரிந்தது, கடுகு ஏன் கசந்தது

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. முட்டை, தேன் என்று உயிரினங்களிடமிருந்து வரும் எதுவும் இல்லாமல், மயோனைஸில் (எண்ணெயை அடித்துக் கெட்டியாக்கிய கலவை) கடுகும் இனிப்பும் கலந்து நீ செய்து பார்த்த சாஸைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது, வாயில் வைத்தால் கசக்கிறது, கடுகின் காரம் மருந்துக்கும் இல்லை என்கிறாய். என்னென்ன செய்தாய் என்று வரிசையாக எழுதியது நல்லதாயிற்று. மூன்று கோளாறுக்கும் மூன்று தனிக் காரணம். அதில் காரம் வராமல் போனதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்ற இரண்டையும் பாதி வழியில்கூடத் தேற்றிவிடலாம், காரத்தை முடியாது.

கடுகுப் பொடியில் வெந்நீரையும் வினிகரையும் ஒரே நேரத்தில் ஊற்றியிருக்கிறாய். கதை அங்கேயே முடிந்துவிட்டதம்மா. உலர்ந்த கடுகில் காரம் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. காரத்துக்கு மூலமான பொருளும், அதைக் காரமாக மாற்றும் மைரோசினேஸ் என்கிற நொதியும் விதைக்குள் தனித்தனியே இருக்கின்றன. விதை உடைந்து, ஈரமும் பட்டால்தான் இரண்டும் ஒன்றோடொன்று சேரும். சந்தேகமிருந்தால் உலர்ந்த பொடியை முகர்ந்து பார், பெரிதாக ஒரு வாசனையும் இருக்காது. அதில் ஒரு ஸ்பூனில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஐந்து நிமிடம் கழித்து மூக்கருகே கொண்டு போ. கண்ணில் நீர் வந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் உண்டானதுதான் நமக்கு வேண்டிய காரம்.

வெந்நீர் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். வறுத்த கடுகை அரைத்தாலும் இதே கதிதான். வினிகரின் புளிப்பு அதன் வேலையைத் தடுக்கும். ஆனால் காரம் உண்டான பிறகு சேர்த்தால், அதே வினிகர் காரம் சீக்கிரம் மங்காமல் காக்கும். ஆகவே குளிர்ந்த தண்ணீர் முதலில், வினிகர் பின்னால். இடையில் 10 நிமிடம். அரை மணி, ஒரு மணி என்று வெறும் தண்ணீரோடு விட்டால் வந்த காரம் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். காரம் மிதமாகப் போதும் என்றால் 5 நிமிடத்திலேயே வினிகரை ஊற்றிவிடு.

இனி அளவு. மஞ்சள் கடுகு 30 கிராம், கறுப்பு அல்லது பழுப்புக் கடுகு 10 கிராம். மேசைக்கரண்டியில் சொன்னால் கிட்டத்தட்ட மூன்றும் ஒன்றும். கறுப்பின் காரம் மூக்கில் ஏறும். மஞ்சளின் காரம் நாக்கோடு நிற்கும், கூடவே அதன் தோலில் உள்ள பசை சாஸைக் கெட்டியாக்கும். இனிப்பான சாஸுக்கு மஞ்சள்தான் அதிகம் இருக்க வேண்டும். கறுப்பை மட்டும் போட்டால் இனிப்பையே மறைத்துவிடும். உலர்ந்த மிக்ஸியில் விட்டு விட்டு அரை, தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறும். சல்லடையில் சலித்தால் சாஸ் வழுவழுப்பாக வரும், சலிக்காவிட்டால் அங்கங்கே நறநறவென்று இருக்கும். எனக்குச் சலிக்காததுதான் பிடிக்கும், ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸுக்கு வழுவழுப்பு பொருந்தும்.

பொடியில் குளிர்ந்த தண்ணீர் 60 மில்லி விட்டுக் குழை. 10 நிமிடம் கழித்து 5 சதவீதப் புளிப்புள்ள வினிகர் 45 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. முகத்தைக் கிண்ணத்துக்கு மேலே நீட்டாமல் கலக்கு. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வை. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும்.

கசப்புக்கு இப்போது வருகிறேன். புதிதாகக் குழைத்த கடுகு யார் செய்தாலும் கசக்கும். ஓரிரு நாள் இருந்தால் தானாக அடங்கும். நீ குழைத்த கையோடு சாஸில் சேர்த்துவிட்டாய், கசப்பை அடக்க இனிப்பைக் கூட்டினாய், கசப்பு போகாமல் திகட்டல்தான் வந்தது. இன்னொன்று, நீ ஊற்றியது முதல் பிழிவு ஆலிவ் எண்ணெய். வேகமாகச் சுழலும் பிளேடில் அது அடிபட்டால் கசப்பு ஏறும். சூரியகாந்தி மாதிரி வாசனையில்லாத எண்ணெய் எடுத்துக்கொள். மஞ்சள்தூள் கைக்கு வந்தபடி கொட்டினாலும் கசக்கும், அதனால்தான் கால் தேக்கரண்டி என்றேன்.

எண்ணெய் பிரிந்ததற்கு நீ வாங்கிய பாதாம் பால்தான் காரணம். முட்டை இல்லாத மயோனைஸில் எண்ணெய்த் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கப் புரதம் வேண்டும். பாக்கெட் பாதாம் பாலில் அது மிகக் குறைவு. சோயாப் பாலில் தேவையான அளவு இருக்கிறது. இனிப்பும் வெனிலாவும் சேர்க்காத சோயாப் பாலாகப் பார்த்து வாங்கு.

சோயாப் பால் 60 மில்லி, எண்ணெய் 120 மில்லி. இரண்டும் அறைச் சூட்டில் இருக்கட்டும். கை பிளெண்டரின் தலை அடிவரை போகும் அகலத்தில் ஒரு குறுகலான உயர ஜாடி எடு. அகலக் கிண்ணம் உதவாது, பிளேடுக்குக் கீழே பால் ஆழமாக நிற்க வேண்டும். பால், ஒரு சிட்டிகை உப்பு, ஊறிய கடுகு விழுது அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைப் போட்டு, மேலே எண்ணெயை மெதுவாக ஊற்று. பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்டு. முதல் இருபது விநாடி அசைக்கவே கூடாது. அடியிலிருந்து வெள்ளையாகக் கெட்டிப்பட்டு மேலே வருவது ஜாடியின் பக்கவாட்டில் தெரியும். பாதிக்கு மேல் வெளுத்த பிறகுதான் மெல்ல மெல்லத் தூக்க வேண்டும். கடைசியில் எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி விட்டு ஒரு சுற்று ஓட்டினால் இன்னும் இறுகும்.

திரிந்துவிட்டால் கொட்டிவிடாதே. சுத்தமான ஜாடியில் ஒரு மேசைக்கரண்டி சோயாப் பாலை எடுத்து, பிளெண்டரை ஓடவிட்டு, திரிந்ததை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே வா. பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

இந்த மயோனைஸ் முழுவதற்கும் ஊறிய கடுகு விழுது 4 மேசைக்கரண்டி, இனிப்புப் பாகு 3 மேசைக்கரண்டி, ஆப்பிள் சிடர் வினிகர் ஒரு மேசைக்கரண்டி, பூண்டுத்தூள் கால் தேக்கரண்டி, கொஞ்சம் மிளகு. இங்கே பிளெண்டர் வேண்டாம், கரண்டியால் கலந்தாலே போதும். பச்சைப் பூண்டு போடாதே, மறுநாள் அது ஒன்றுதான் மணக்கும்.

தேன் தேனீயிடமிருந்து வருவதால், உயிரினங்களிடமிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்ற நம் கணக்கில் சேராது. அதற்குப் பதில் மேப்பிள் சிரப்பையோ அகேவ் சிரப்பையோ எடுக்கலாம், இரண்டும் தாவரச் சாற்றிலிருந்து செய்யும் இனிப்புப் பாகுகள். மேப்பிள் தண்ணீராக இருக்கும், ஆகவே வினிகரை அரை மேசைக்கரண்டி குறைத்துவிடு. பேரீச்சம்பழப் பாகு சுவை தரும், ஆனால் சாஸ் பழுப்பாகிவிடும். சர்க்கரைதான் கையில் இருக்கிறது என்றால் வினிகரில் முழுதாகக் கரைத்துவிட்டுச் சேர், எண்ணெயில் அது கரையாது. சூடாக இருக்கும் எந்தப் பாகையும் ஊற்றாதே, மயோனைஸ் பிரிந்துவிடலாம்.

கலந்த உடனே ருசியைத் தீர்மானிக்காதே. ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்துப் பார், குளிரில் இனிப்பு குறைவாகத் தெரியும், கெட்டித்தன்மையும் கூடும். முதலில் புளிப்பைச் சரிசெய், பிறகு இனிப்பை. சப்பென்று இருந்தால் பலரும் இனிப்பைத்தான் கூட்டுவார்கள், பெரும்பாலும் குறைந்திருப்பது உப்பு. சாலட்டுக்கு ஊற்றுவதானால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு இளக்கு. ஓவனில் வேகும் காய்கறி மேல் தடவுவதானால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவு. முன்னதாகத் தடவினால் இனிப்பு கருகும், காரமும் போய்விடும்.

மயோனைஸ் சேர்ந்த சாஸை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடு, ஈரக் கரண்டி போடாதே. கடுகு விழுது மட்டும் தனியே இருந்தால் பல வாரம் கெடாது. அதனால் விழுதைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு வேண்டும்போது சாஸ் கலக்குவதே நல்லது.

கடையில் வாங்கும் கடுகு விழுதைப் பயன்படுத்துவதானால் லேபிளைப் படி, சிலவற்றில் தேன் இருக்கும். ருசிக்கென்று சிலர் சேர்க்கும் வொர்செஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் உண்டு. கடுகும் சோயாவும் சிலருக்கு ஒவ்வாமை தரும், சாப்பிட வருபவர்களிடம் இரண்டையும் கேட்டுவிட்டுப் பரிமாறு.

அன்புடன்,
அப்பா