ஈச்சையைக் காட்டில் கிளப்பாதீர்கள், விதையில் வளருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் வளவில் மரம் வைக்கும் வேலையும் தொடங்கிவிடும். படலைக்கு இருபுறமும் அழகுக்கு ஈச்சை நிற்கட்டும் என்று நினைப்பவர்கள், அலவாங்கோடு பற்றைக்காட்டுக்குள் போய் இரண்டு கன்றைக் கிளப்பி வருவதுண்டு. மரத் தெரிவு மிகச் சரியானது. எடுக்கும் விதந்தான் பிழை. அப்படிக் கொண்டுவரும் கன்றுகளில் பெரும்பாலானவை அடுத்த கோடையைக் காண்பதில்லை.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. இளம் ஈச்சையின் தண்டு முதலில் நிலத்துக்குள்ளேயே பருத்து, முழுப் பருமன் வந்த பிறகுதான் மேலே எழும். அந்தப் பருமன் வருமுன் வேரை அறுத்தால் புதுவேர் விட அதற்குத் தெம்பு இல்லை. ஆனாலும் ஓலை உடனே வாடாது. தண்டில் சேர்ந்திருக்கும் ஈரத்தில் ஒன்றிரண்டு மாதம் பச்சையாகவே நிற்கும், வீட்டுக்காரரும் பிடித்துவிட்டது என்று நம்பியிருப்பார். நடுக்குருத்தை இரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். செத்த கன்றென்றால் குருத்து கையோடு வரும், அடி கபில நிறத்தில் கூழாகி நாறும். அதற்குமேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. ஒதுக்குக் காட்டில் செடி கிளப்புவது சட்டப்படி குற்றம் என்பதும், மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன என்பதும் அலவாங்கைத் தூக்குமுன் நினைவில் இருக்கட்டும்.

நம் பற்றைகளில் நிற்கும் ஈச்சையின் தாவரவியல் பெயர் பீனிக்ஸ் புசில்லா. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, பேரீச்சையின் இனம். கழன்ற மட்டைகளின் அடிகள் தண்டைச் சுற்றிச் சுருளாகப் படிந்திருப்பது தனி அழகு. அலங்காரத்துக்கென விற்கப்படும் குட்டை ஈச்சை, அதாவது பீனிக்ஸ் ரோபெலினி, மீகொங் ஆற்றங்கரைச் செடி. அதற்கு வேரடி ஈரம் விடாமல் இருக்கவேண்டும். சோளகக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அதன் ஓலைநுனி தீய்ந்துபோகும். நம் ஈச்சை அதே காற்றில் நிமிர்ந்து நிற்கும். கட்டாக்காலி மாடும் முள்ளுக்குப் பயந்து வாய் வைக்கத் தயங்கும்.

விதைக்கு, நன்றாகக் கறுத்துப் பழுத்த பழமாக எடுக்கவேண்டும். சிவப்பாக இருக்கும்போது பறித்த காயின் விதை முற்றியிருக்காது. பழத்தைப் பிசைந்து இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்துத் தேய்த்துச் சதையை முழுதாக நீக்குங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணமும் எறும்பும் வரும். கழுவியபின் மிதப்பதை எறிந்துவிட்டு, தாழ்ந்ததை இன்னும் ஒருநாள் சுத்தத் தண்ணீரில் வைத்து உடனே போடலாம். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த விதையை நம்பவேண்டாம்.

பனம் பாத்தி போட்டவர்களுக்கு அடுத்த கட்டம் எளிதில் விளங்கும். பனங்கொட்டையைப் போலவே ஈச்சம் விதையும் முதலில் ஒரு குழாயைக் கீழ்நோக்கி விடும். நாற்று விதைக்குச் சற்றுத் தள்ளி, கீழே உருவாகும். பனையளவு ஆழம் போகாது, ஆனால் ஆழம் வேண்டும். குட்டைப் பையில் வேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். ஆகவே 30 சென்ரிமீற்றர் உயரமான பொலித்தீன் பை எடுத்து, அடியில் ஏழெட்டுத் துளை இட்டு, ஆற்றுமணல் இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். விதையை 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் படுக்கையாக வைத்தால் போதும். அரைநிழலில் ஈரம் காயாமல் இருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்தில் முளை வரும். முதல் இலை பிளவில்லாத ஒற்றைக் கீற்று, பார்த்தால் கோரைப்புல்தான். களை பிடுங்குகிறவர் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார், பைக்கு அடையாளம் வையுங்கள். நாற்றோடு ஒட்டியிருக்கும் விதையைக் கழற்றக் கூடாது, தொடக்க உணவு அதில்தான் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம். பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. பழமும் வேண்டுமென்றால் நான்கைந்து நாற்றாவது நடவேண்டும்.

பையில் ஒன்றரை, இரண்டு வருடம் வளர்ந்த நாற்றை, புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையோடு நிலத்தில் வைக்கலாம். 60 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழக் குழி போதும். செம்மண் நிலத்தில் ஒரு கூடை மக்கிய எரு கலந்தால் சரி. வயலோரத்துக் களிமண்ணில் குழி வெட்டினால் மாரியில் அது கிணறாகும், அங்கே முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேட்டில் நடவேண்டும். பையில் மண் நின்ற மட்டம் எதுவோ, நிலத்திலும் அதே மட்டம். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று ஆழமாகப் புதைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தண்டின் அடி காற்றில்லாமல் மெல்ல அழுகும், குருத்து வரவரச் சிறுக்கும், இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் பிழை தெரியவரும்.

முதற்கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு பெரிய வாளித் தண்ணீர், ஏறத்தாழ 10 லீற்றர், குருத்துக்குள் விழாமல் ஒரு முழம் தள்ளிச் சுற்றிவர ஊற்றுங்கள். இரண்டாம் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை போதும். தேங்காய்ப் பொச்சைக் கவிழ்த்துப் பரப்பினால் ஈரம் நிற்கும், தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கறையான் ஏறும்.

அடி ஓலை மஞ்சளாவதைக் கண்டதும் கத்தியை எடுக்காதீர்கள். பழைய ஓலையில் செம்மஞ்சள் புள்ளி விழுந்து நுனி கருகினால் பொட்டாசியக் குறை. ஓரம் மஞ்சள் பட்டியாகி நடு பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. பொட்டாசியம் போதாத மரம் பழைய ஓலையிலிருந்து அதை உறிஞ்சித்தான் குருத்துக்கு அனுப்புகிறது. அந்த ஓலையை வெட்டினால் குறை அடுத்த ஓலைக்கு ஏறும். மாரியில் மண் ஈரமாக இருக்கும்போது எம்.ஓ.பி. என்ற பொட்டாசிய உரம் 100 கிராம் வட்டமாகத் தூவுங்கள், மக்னீசியத்துக்கு டொலமைற் இடலாம். முழுதாகக் காய்ந்து தொங்கும் ஓலையை மட்டும் நீக்கினால் போதும்.

பச்சை மட்டையை வெட்டாமல் விடுவதற்கு இன்னொரு காரணம் சிவப்புக் கூன்வண்டு. வெட்டுக்காயத்தின் மணத்துக்கு வந்து முட்டையிடும், புழு தண்டைக் குடைந்து தின்னும். துளையில் சவைத்த நார் தள்ளி, புளித்த மணத்தோடு கபிலச் சாறு வடிந்தால் அதுதான். கருவண்டின் வேலை வேறு, விரிந்த ஓலையில் கத்தரித்ததுபோல் முக்கோண வெட்டுத் தெரியும். அது எருக்கும்பியில் பெருகுவதால் கும்பியை மாதம் ஒருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்கவேண்டும்.

கடைசியாக முள். மட்டை அடியில் உள்ள சிற்றிலைகளே ஊசிமுள்ளாக மாறியிருக்கின்றன. நடைபாதை, கிணற்றடி, பிள்ளைகள் விளையாடும் முற்றம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 2 மீற்றர் தள்ளி வையுங்கள். முள்ளின் நுனியைக் கத்தரியால் வெட்டிவிடலாம், ஓலைக்குக் கேடில்லை. வேலை செய்யும்போது தடித்த கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். விரல் மூட்டில் ஏறிய முள் உள்ளே முறிந்தால் ஊசியால் கிண்டிக்கொண்டிருக்க வேண்டாம். துண்டு உள்ளே தங்கினால் மூட்டு வாரக்கணக்கில் வீங்கி நோகும். வைத்தியசாலையில் எடுப்பித்து, ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்ட காலத்தையும் சொல்லுங்கள். வெட்டிய காய்ந்த மட்டைகளை வேலியோரம் குவிக்காமல் குழியில் போட்டு மூடுங்கள். ஆவணிக் காற்றில் ஒரு பொறி விழுந்தால் வேலியே போய்விடும்.

இப்படிக்கு,
நாற்றுமேடைப் பணியாளர் சிலர்,
மாங்குளம்.